உறவு: மாமி

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
09.03.2003

யேசு மரி சூசை

அன்பு மச்சாள் றோசாவுக்கு,

நானும் ஷெரோனும் சுகம். எனக்குப் பிறசர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், அதற்கு நீர் பயப்படத் தேவையில்லை. உம்முடைய முழங்கால் நோ எப்படி? மைக்கல் தொழிலுக்குப் போகிறானா, இல்லை இன்னும் அந்தப் பழைய எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறானா?

உம்முடைய அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்குப் பாசையூர்க் கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்ததாக எழுதியிருந்தீர். வாசித்து அழுதேன். இங்கேயும் கோவில் நிறைய ஆட்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு வார்த்தை தமிழ் விளங்காமல் முழுப்பூசைக்கும் முழந்தாளில் நின்றார்கள், பாவங்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். என் மனுசன் மரணசாசனம் எழுதவில்லை. "எழுதினால் செத்துப்போவன் எண்டு பயமோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். எழுதாமலும் செத்துப்போனார். ஒவ்வொரு பெப்ரவரியும் வங்கியில் வரிசையில் நின்று ஓய்வுக்காலத்துக்கென்று காசு போட்டவர். ஆர்.ஆர்.எஸ்.பி. என்பார்கள் இங்கே. தனக்குப் பிறகு எனக்கு என்று வங்கிப் படிவத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறார். மற்ற மாகாணங்களில் அது போதுமாம். கியூபெக்கில் வங்கிப் படிவத்தில் எழுதினது செல்லாதாம், மரணசாசனம் வேண்டுமாம். இதை அந்த வங்கிக்காரர் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அதனால் எல்லாம் சொத்துப் பிரிக்கிற நொத்தாரிசிடம் போயிருக்கிறது. நல்ல மனுசி, ஆனால் கடதாசி இல்லாமல் தும்மவும் மாட்டாள். ஷெரோனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டாள். சண்டையில் எரிந்துவிட்டது, 91இல் நாங்கள் கொடுத்த சத்தியக் கடதாசிதான் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் செத்தவருடைய உடன்பிறப்பிடமிருந்து புதிதாக ஒன்று வேண்டுமாம். உடன்பிறப்பு என்று நீர் ஒருத்திதானே.

ஞானேந்திரனுக்கும் அக்னெஸுக்கும் ஷெரோன் ஒரே பிள்ளை என்றும், நீர் பிள்ளைக்கு மாமி என்றும் ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் சொல்லி ஒப்பம் வைக்க வேண்டும். படிவத்தையும் நொத்தாரிசு தந்த ஆங்கில விளக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்துத்தான்.

ஷெரோன் உமக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன் மச்சாள்,
அக்னெஸ்


பாசையூர், யாழ்ப்பாணம்
02.04.2003

யேசு மரி சூசை

அன்புள்ள அக்னெஸ் மச்சாளுக்கு,

கடிதமும் படிவமும் கிடைத்தன. மைக்கல் தொழிலுக்குப் போகிறான். எஞ்சின் போகிற நாளில் போகிறான். நான் நண்டுக் கொம்பனியில் காலை ஆறு மணிக்கு நின்றால் இரண்டு மணிக்குத்தான் இருப்பேன், முழங்கால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

ஒரு கையெழுத்துத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சாள், நான் பெற்ற பிள்ளைக்கு நான் மாமி என்று வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லச் சொல்லுகிறீர்கள்.

நான் ஒன்றையும் மறக்கவில்லை. என் மனுசன் யோசெப் கடலுக்குப் போய்த் திரும்பாமல் எட்டு மாதம் ஆன நேரம், மைக்கலை என்னோடு வைத்துக்கொண்டு சின்னதை உங்கள் கையில் தந்தது நான்தான். நீங்கள் பறிக்கவில்லை. அகதிக் கடதாசியில் உங்கள் பிள்ளை என்று எழுதினால்தான் கொண்டுபோகலாம் என்று அண்ணை சொன்னபோது தலையாட்டினதும் நான்தான். இரண்டு வயதுப் பிள்ளை இந்தச் சண்டைக்குள் கிடந்து சாகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அப்போது எழுதினது நீங்கள். இப்போது எழுதச் சொல்லுவது என்னை.

சமாதான நீதவான் சிவநேசம் மாஸ்டர் மகளிடம் வவுனியாவுக்குப் போயிருக்கிறார். வரட்டும், பார்ப்போம். ஷெரோனின் புதுப் படம் ஒன்று அனுப்புங்கள். போன வருடத்துப் படத்தில் முன்மயிர் கண்ணை மறைக்கிறது.

உங்கள்,
றோசா


ரொக்ஸ்பரோ, மொன்றியல்
20.04.2003, உயிர்த்த ஞாயிறு

யேசு மரி சூசை

அன்பு மச்சாளுக்கு,

பாஸ்கு வாழ்த்துக்கள். நாங்கள் சுகம். இங்கே இன்னும் வாசலில் ஐஸ் கிடக்கிறது, அதற்குள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போய் வந்தோம்.

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீர் சொன்னது சரி, அது ஒரு கையெழுத்து மட்டும் இல்லை. டெலிபோனில் இதைக் கதைக்க ஏலாது. இங்கே ஷெரோன் காது கொடுப்பாள், அங்கே கொமியூனிகேசன் கடையில் ஊரே காது கொடுக்கும். அதனால் சட்டத்தை எழுதுகிறேன், ஆறுதலாக வாசியும்.

இங்கே வீடும் ஓய்வுக்காலக் காசும் குடும்பச் சொத்து. முதலில் பாதி மனைவிக்கு. மற்றப் பாதிதான் செத்தவருடையது. அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு, இரண்டு பங்கு பிள்ளைக்கு. என் பங்கை வரியில்லாமல் என் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றலாம், ஆனால் வீட்டுக் கடன் கட்டுவதற்கென்று வெளியே எடுத்தால் அந்த இடத்திலேயே வரி வெட்டுவார்கள்.

பிள்ளையின் பங்கை ஒரேயடியாகக் கையில் எடுத்தால் அதற்கும் வரி. வரி குறைய வேண்டுமென்றால், பதினெட்டு வயது முடியும்வரை வருடாவருடம் பிரித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அவள் பெயரில் வாங்க வேண்டும். அவளுக்கு வேறு உழைப்பு இல்லையே, ஒவ்வொரு வருடத்துக் காசுக்கும் வரி ஒன்றும் பெரிதாக வராது. அந்தக் காசு அவள் படிப்புக்குக் காணும். இது அடுத்த வருடம் முடிவதற்குள் நடக்க வேண்டும். அவள் இவருடைய பிள்ளை என்று கடதாசி இல்லாமல் ஒன்றும் நடக்காது. நொத்தாரிசு கோப்பை அப்படியே மூடி வைத்திருக்கிறாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பிள்ளைக்கு இருபத்தையாயிரம் டொலருக்கு மேல் சொத்து வந்தால், தாய் அதை ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று கண்காணிக்கச் சொந்தக்காரர், சிநேகிதர் மூன்று பேரைக் குழுவாக வைக்க வேண்டுமாம். மூவரில் ஒருவர் இவருடைய சிநேகிதர் கிறகரி அண்ணை, இப்போதே தலைவர் மாதிரி நடக்கிறார்.

படம் வைத்திருக்கிறேன். முன்மயிர் வெட்டியாயிற்று. "ஆருக்குப் படம்?" என்று கேட்டாள். "மாமிக்கு" என்றேன். படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தானே உறைக்குள் வைத்தாள்.

அன்புடன்,
அக்னெஸ்


ரொக்ஸ்பரோ, மொன்றியல்
15.06.2003

யேசு மரி சூசை

அன்பு மச்சாளுக்கு,

எட்டுக் கிழமையாக உம்மிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. சுகமில்லையா? மைக்கலுக்கு ஏதும்? கடிதம் தவறிப்போனதா?

சிவநேசம் மாஸ்டர் வந்திருப்பார்தானே. நொத்தாரிசு போன கிழமையும் எடுத்துக் கேட்டாள். தையல் பக்டரியில் எங்களுக்கு வேலை நாலு நாளாகக் குறைந்துவிட்டது. வீட்டுக் கடன் மட்டும் குறையவில்லை.

நீர் கோபமென்றால் கோபம் என்றாவது எழுதும். வெறும் தபால்பெட்டியைத் திறந்து திறந்து எனக்கு விசர் பிடிக்கிறது.

அக்னெஸ்


பாசையூர்
06.07.2003

யேசு மரி சூசை

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் ஒன்றும் தவறவில்லை.

சிவநேசம் மாஸ்டரிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நொத்தாரிசின் ஆங்கிலக் கடதாசியை முழுக்க வாசித்தார். பிறகு சிரித்தார். "றோசா, இதில ஒரு வரி இருக்கு. செத்தவருக்குப் பிள்ளையும் தாய் தகப்பனும் இல்லாட்டி, அவற்ற பாதியில மூண்டில ஒரு பங்கு உடன்பிறப்புக்காம். பிள்ளை இருக்கிறபடியால் உமக்கு ஒண்டும் இல்லை. கெட்டகாலம்!" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? ஒப்பம் வைக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

சட்டத்தை ஆறுதலாக வாசியும் என்று இரண்டு பக்கம் எழுதினீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் ஏன் எழுதவில்லை? நான் ஆங்கிலம் தெரியாதவள், கையெழுத்தை வைத்துவிட்டு இருப்பேன் என்றா?

மைக்கலின் எஞ்சின் போன மாதம் முழுவதுமாகச் செத்துவிட்டது. வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். அந்தப் பங்கில் அவனுக்கு ஒரு எஞ்சின் இல்லை, இரண்டு எஞ்சின் வாங்கலாம். நான் கணக்குப் பார்த்தேன் என்பதை உங்களுக்கு மறைக்கவில்லை. பார்த்தேன். நான் உண்மையைச் சொன்னால் எனக்குக் காசு வரும். பொய் சொன்னால் காசும் இல்லை, பிள்ளையும் இல்லை. இப்படியும் ஒரு சட்டமா?

றோசா


ரொக்ஸ்பரோ
24.07.2003

யேசு மரி சூசை

றோசாவுக்கு,

உம்முடைய சுகத்தைக் கேட்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், முழங்கால் எப்படி?

ஓம், அந்த வரியை நான் வேண்டுமென்றுதான் எழுதவில்லை. நீர் கேட்டுவிட்டீர், நானும் சொல்லிவிடுகிறேன். நீர் கணக்குப் பார்ப்பதற்கு முன்னமே நான் பார்த்துவிட்டேன். ஷெரோன் எங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னால், உமக்கு அந்த மூன்றில் ஒன்று, மிச்சமெல்லாம் எனக்கு. வரி வெட்டினாலும் இந்த வீடு தப்பும். நொத்தாரிசின் கதிரையில் இருந்துகொண்டே, அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லச் சொல்ல, நான் மனதில் கூட்டிக் கழித்தேன். உம்முடைய அண்ணை செத்து ஆறு கிழமைதான் அப்போது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் லாபம், மச்சாள். நட்டம் ஷெரோனுக்கு மட்டும். காசு போகட்டும். அவளுடைய குடியுரிமை, பாஸ்போட், பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் 91இல் நாங்கள் மிராபெல் விமான நிலையத்தில் சொன்ன அந்தப் பொய்யில் நிற்கிறது. அதை உருவினால் என்ன நடக்கும் என்று கேட்க எனக்கு ஒரு வக்கீலிடமும் போகப் பயம். பதினான்கு வயதுப் பிள்ளை. கனவும் பிரெஞ்சில்தான் காணுகிறாள்.

உமக்கு அந்த வரி தெரிந்தால் நீர் உண்மையைச் சொல்லிவிடுவீர் என்று பயந்தேன். உம்மை அப்படி நினைத்ததற்கு மன்னியும். நானே அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துப் பார்த்தவள், அதனால்தான் அப்படி நினைத்தேன்.

மைக்கலின் எஞ்சினுக்கு என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். அதைக் கையெழுத்துக்கு விலை என்று எடுக்க வேண்டாம்.

அக்னெஸ்


பாசையூர்
25.08.2003

யேசு மரி சூசை

அன்புள்ள அக்னெஸ் மச்சாளுக்கு,

முழங்கால் அப்படியேதான். உங்கள் பிறசர் என்ன மாதிரி? கோபத்தில் எழுதும்போது ஏறியிருக்கும், என் கடிதத்தை வாசிக்கும்போதும் ஏறியிருக்கும். இந்தக் கடிதத்துக்கு ஏறத் தேவையில்லை.

எஞ்சினுக்குக் காசு அனுப்ப வேண்டாம். சங்கத்தில் கடனுக்குப் பதிந்திருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. உண்மையைச் சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதி. கணக்குப் பார்த்தது நான் மட்டும் இல்லையே.

நான் சத்தியம் செய்கிறேன். வரி, திட்டம், குழு எல்லாம் நீங்கள் எழுதினபடி நடக்கட்டும். எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அந்தக் கதிரையில் இருந்து "மாமி" என்று சொல்லுவதற்கு முன்னால், நான் ஆர் என்று அவளுக்குச் சொல்லுங்கள். அவளுக்காகப் பொய் சொல்லுகிறேன், அது அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் என்னிடம் வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். தெரிந்தால் போதும்.

சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அடுத்த நாளே மாஸ்டரிடம் போகிறேன்.

உங்கள்,
றோசா


பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
02.11.2003, இறந்தோர் நாள்

யேசு மரி சூசை

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்கு என்னை எவ்வளவு பேசினாலும் தகும். செப்டெம்பரில் சொல்லலாம் என்று நினைத்தேன், பள்ளிக்கூடம் தொடங்கட்டும் என்று விட்டேன். பிறகு சோதனை வந்தது. சாட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. உண்மை என்னவென்றால் பயந்தேன். சொன்ன அடுத்த நிமிடம் அவள் என்னை வேறு மாதிரிப் பார்ப்பாள் என்று பயந்தேன்.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர். வீட்டை விற்றாயிற்று, பத்திரம் என் பெயரில் இருந்ததால் அதற்கு நொத்தாரிசின் கோப்புத் தேவைப்படவில்லை. என் பங்கை வரி வெட்டக் கொடுத்துக் கடனைக் கட்டுவதைவிட, அதை என் கிழட்டுக் காலத்துக்கு அப்படியே விடுவது புத்தி என்று கிறகரி அண்ணையும் சொன்னார். இது மூன்றாம் மாடி, இரண்டு அறை. கீழே இறங்கினால் தமிழ்க் கடை, மெட்ரோ. எனக்கு வசதிதான்.

போன மாதம், பூசையால் வந்து, ரொக்ஸ்பரோ வீட்டுக் குசினியில் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "ஷெரோன், உனக்கு ஒரு விசயம் சொல்லோணும். பாசையூர் மாமி இருக்கிறாவெல்லே" என்று தொடங்கினேன்.

"அவ என்ர அம்மா" என்றாள் அவள். கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அங்கிருந்த பெட்டி மேலேயே இருந்துவிட்டேன். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பேப்பரில கிடந்தது."

அவள் உறுதிபூசுதலுக்கு ஞானஸ்நானப் பத்திரம் வேண்டுமென்று 2001இல் உமக்கு எழுதினேன், ஞாபகமா? நீர் கோவிலில் எடுத்து அனுப்பினீர். அதில் உள்ளது உள்ளபடி இருந்தது: தகப்பன் யோசெப், தாய் றோசா, ஞானத்தகப்பன் ஞானேந்திரன், ஞானத்தாய் அக்னெஸ். கனடா அரசாங்கத்துக்குப் பொய் எழுதின எங்களுக்குக் கோவில் புத்தகத்தில் கை வைக்கப் பயம். அதனால் அதை அப்படியே உறையில் ஒட்டி, பங்குக் கந்தோரில் கொடுக்கச் சொல்லி தகப்பனையும் பிள்ளையையும் அனுப்பினேன். எங்களைப்போல மடைச்சி மடையன் வேறு எங்கேயும் இருக்கமாட்டார்கள். ஒட்டு நன்றாகப் பிடிக்கவில்லை. உம்முடைய அண்ணை இராவேலை முடித்து வந்தவர், ரயிலில் அவள் பக்கத்திலேயே நித்திரை. ரொக்ஸ்பரோவில் ஏறி டவுனுக்குப் போய்ச் சேரும் முன்னம் பிள்ளை முழுவதையும் வாசித்துவிட்டாள். பன்னிரண்டு வயது.

"ரெண்டரை வருசமா ஏன் ஒண்டும் கேக்கேல்லை?" என்றேன்.

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பிறகு அப்பா செத்துப்போனார்." பேப்பரைக் கசக்கினாள். "அவ ஏன் என்னைத் தந்தவ?"

உள்ளதைச் சொன்னேன். யோசெப்பைப் பற்றி, சண்டையைப் பற்றி, நீர் எங்கள் கையில் அவளைத் தந்த அன்றைக்கு பஸ் புறப்படும்வரை திரும்பிப் பார்க்காமல் நின்றதைப் பற்றி. திரும்பினால் தரமாட்டீர் என்று எனக்கு அப்போதே தெரியும். அதையும் சொன்னேன். சத்தியக் கடதாசியையும் மூன்றில் ஒரு பங்கையும்கூட மறைக்கவில்லை. அழுதாள். நானும். பிறகு எழும்பி மிச்சக் கோப்பையைச் சுற்றினாள்.

என்னை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நீர் கேட்கவில்லை, ஆனால் அதை உமக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
அக்னெஸ்


பாசையூர்
28.11.2003

யேசு மரி சூசை

அன்புள்ள அக்னெஸ் மச்சாளுக்கு,

வீட்டை விற்றதை இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். மூன்றாம் மாடிக்குப் பிறசர்காரி ஏறி இறங்குவது வசதியா? எனக்குக் கவலையாக இருக்கிறது.

அவளுக்குத் தெரியும் என்று வாசித்ததும் கொம்பனிக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போகட்டும் என்று கடற்கரையில் போய் இருந்தேன். அடுத்த நாள் சொன்னபடி சிவநேசம் மாஸ்டரிடம் போனேன்.

அந்தப் படிவத்தில் "சத்தியம் செய்கிறேன்", "உறுதி கூறுகிறேன்" என்று இரண்டும் இருக்கிறது. வேதக்காரர் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள், சைவக்காரர் உறுதி கூறுவார்கள். பொருந்தாததை வெட்ட வேண்டும். மாஸ்டரிடம் போகிறவர்கள் அநேகமாகச் சைவக்காரர். அவர் பழக்கத்தில் "சத்தியம் செய்கிறேன்" என்பதன் மேல் பேனையைக் கொண்டுபோனார். நான் பேசாமல் இருந்திருந்தால் வேதப்புத்தகத்தைத் தொடாமலே வந்திருக்கலாம். எனக்கு அந்த ஆசை வந்தது மச்சாள், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கத்தோலிக்கப் பெண் ஏன் வேதத்தில் கை வைக்கவில்லை என்று உங்கள் நொத்தாரிசு கேட்டால்? ஒரு சின்னச் சந்தேகமும் பிள்ளையின் கடதாசியில் இருக்கக் கூடாது.

"மாஸ்டர், நான் வேதக்காரி" என்றேன். "ஓ, மறந்துபோனன்" என்று மற்றதை வெட்டினார். புத்தகம் என் பையில் இருந்தது. எடுத்து வைத்தேன்.

"பிள்ளைக்கு உம்முடைய உறவு?" என்று கேட்டார்.

"தகப்பன்ர தங்கச்சி" என்றேன்.

"எண்டால் மாமி."

"ஓம். மாமி."

கையெழுத்து வைத்தேன். முத்திரை குத்தினார். காசு வாங்கவில்லை. நல்ல மனுசன்.

அங்கிருந்து நேரே கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதர் எனக்கு எத்தனை செபமாலை தருவாரோ என்று பயந்துகொண்டு போனேன். முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லச் சொன்னார்.

கடதாசியைப் பதிவுத்தபாலில் இதோடு அனுப்புகிறேன். இனி நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

அவள் உங்களை அம்மா என்று கூப்பிடாவிட்டால்தான் நான் கோபித்திருப்பேன்.

உங்கள்,
றோசா


பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
16.05.2004

யேசு மரி சூசை

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். படியேறி ஏறி எனக்குப் பிறசர் இறங்கியிருக்கிறது, டொக்டரே சொன்னார், அதனால் அந்தக் கவலையை விடும். மைக்கல் புது எஞ்சினோடு நிற்கும் படம் கிடைத்தது. தகப்பனை உரித்து வைத்திருக்கிறான்.

உம்முடைய கடதாசி நொத்தாரிசுக்குப் பிடித்துக்கொண்டது. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், "பார்ஃபே", ஒரு குறையுமில்லை என்றாள், கோப்பைத் திறந்தாள். ஷெரோனின் திட்டம் மார்ச்சில் வாங்கியாயிற்று. பதினெட்டு வயது வரை ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு தரம் வரும். முதல் தரம் வந்துவிட்டது. அவள் பெயரில் சின்ன வரி, நான் நினைத்ததைவிடக் குறைவு.

போன ஞாயிறு குழுக் கூட்டம். கிறகரி அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் காசில் என்ன செலவு என்று கேட்டார். பல்லுக்குக் கம்பி என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஷெரோன் என்னைக் கேளாமல் எழும்பி வேறொன்றைச் சொன்னாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் "தாய்க்குச் சம்மதம்" என்றேன், அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மிச்சத்தை அவளே எழுதுகிறாளாம். நான் எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது என்று என்னை எழுப்பிவிட்டாள்.

அன்புடன்,
அக்னெஸ்


அதே உறையில்

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? தமிழ் வகுப்பில கடிதம் இப்பிடித்தான் தொடங்கச் சொல்லித் தந்தவை. என்ர தமிழ் பிழையெண்டால் மன்னிக்கவும்.

யூலை 9 ஆம் திகதி நானும் அம்மாவும் கொழும்புக்கு வாறம். ரிக்கெட் என்ர காசில, அப்பாட காசில. பல்லுக் கம்பி அடுத்த வருசம். நீங்கள் எயாப்போட்டுக்கு வரோணும். மைக்கல் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

குழுட பேப்பரில "மாமியைப் பார்க்கப் பயணம்" எண்டு பிரெஞ்சில எழுதியிருக்கு. கிறகரி மாமா கேட்டவர், மாமியைப் பாக்க ஒரு மாசமோ எண்டு. நான் ஓம் எண்டன்.

நீங்கள் சத்தியம் செய்ததை அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டினவ. ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னன். அதால பேப்பரில எல்லாம் நான் மாமி எண்டுதான் எழுதுவன். இந்தக் கடிதத்திலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கிறன், ஆரும் திறந்து பாத்தாலும் பிரச்சினை இல்லை.

ஆனா எயாப்போட்டில உங்களைக் கண்ட உடன நான் கூப்பிடப் போறது வேற. அதை ஒருத்தரும் எழுதி வைக்க மாட்டினம்.

முழங்கால் நோவுக்கு ஒரு கிறீம் வாங்கி வச்சிருக்கிறன்.

கடதாசிப்படி உங்கட மருமகள்,
ஷெரோன்